குழாய்க்குள் கடற்காற்று: பழைய சைக்கிள் ஃபிரேமை மீட்டெடுக்கும் வேதியியல்

காயலான் கடையில் பழைய சைக்கிள் ஃபிரேம் ஒன்றை விலை பேசும்போது, பெயின்ட்டைப் பார்ப்பதைவிட ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பது நல்லது. சீட் குழாயின் வாய் வழியே எவ்வளவு செம்பழுப்புத் தூள் கொட்டுகிறது என்பதே இரும்பின் நிலையைச் சொல்லிவிடும். புதுப்பேட்டையில் நான் வாங்கிய 24 அங்குல ஃபிரேமிலிருந்து ஒரு கைப்பிடித் தூள் விழுந்தது. கடைக்காரர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, “பெயின்ட் அடிச்சா புதுசு சார்” என்றார். பெயின்ட் மட்டும் போதாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வேரூன்றியதால், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் பெயர் தாங்கிய பழைய ஃபிரேம்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. இவற்றில் எஃகுக் குழாய்கள் ஒன்றோடொன்று நேரடியாக உருக்கி ஒட்டப்படுவதில்லை. ‘லக்’ எனப்படும் உறைக்குள் குழாயைச் செருகிச் சூடேற்றி, பித்தளையை உருக விடுவார்கள். பித்தளை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகுக்கோ 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. உருகிய பித்தளை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, லக்குக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளிக்குள் தானாகவே இழுக்கப்பட்டுப் பரவும். பட்டறையில் மூட்டின்மேல் ஆர்க் வெல்டிங் வைக்க அனுமதிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்: அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பித்தளை உருகிக் கலைந்துவிடும்.

மூட்டுகள் பெரும்பாலும் பல தலைமுறைகள் தாங்கும், கெடுவது குழாய்தான். துரு பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சென்னையில் உப்பும் அவற்றோடு சேர்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும்; கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலை ஒட்டிய பெசன்ட் நகரிலோ ராயபுரத்திலோ மாடிப்படிக்குக் கீழே, ஒரு சொட்டு மழைகூடப் படாமல் நிறுத்தி வைத்த சைக்கிள் துருப்பிடிப்பது இதனால்தான். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் அந்த இரும்பு, வேதியியல் கணக்கில் நனைந்தே இருக்கிறது. இந்தியாவின் மின்வேதியியல் ஆய்வுக்கென்றே அமைந்த நிறுவனம் நம் காரைக்குடியில் இருப்பதும், அது உலோகங்களைக் கடற்காற்றில் காயப்போட்டுச் சோதிக்க மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருப்பதும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய பிறகுதான் என் கண்ணில் பட்டன.

ஓர் உப்புநீர்த் துளி இரும்பின்மேல் என்ன செய்கிறது என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூ.ஆர். எவன்ஸ் அழகாகக் காட்டினார். துளியின் ஓரம் மெல்லியது. அங்கே ஆக்சிஜன் எளிதில் போய்ச் சேரும். நடுப்பகுதிக்கு அது குறைவாகவே கிட்டும். இந்த ஏற்றத்தாழ்வே துளியை ஒரு சிறு பேட்டரியாக்குகிறது: நடுவில் இரும்பு அயனியாகக் கரைகிறது, வெளியேறும் எலக்ட்ரான்களை ஓரத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் துரு ஓரிடம், இரும்பு அரிக்கப்படும் குழி வேறிடம். ஆக்சிஜன் எட்டாத லக்கின் விளிம்பிலும், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மூலையிலும், பெயின்ட் உரிந்த ஓரத்துக்கு அடியிலும் குழி ஆழமாக இருப்பதன் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் அந்தக் குழிகளைத் தேடிப் போய்க் குடியேறுகின்றன.

உப்புத்தாள் மேல்துருவை எடுக்கும். குழியின் அடியை எட்டாது. அதற்கு அமிலம் வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே புளிக்கரைசல் இங்கும் உதவும், ஏனெனில் புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் இரும்பு அயனியைப் பற்றி இழுத்துக் கரைசலுக்குக் கொண்டுவந்துவிடும். சிட்ரிக் அமிலம் இன்னும் சுத்தமாக வேலை செய்யும். பாஸ்பாரிக் அமிலம் எஞ்சியிருக்கும் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி, பெயின்ட் பிடிக்க ஏற்ற தளத்தையும் தரும். எதுவானாலும் கையுறை அவசியம். வேலை முடிந்ததும் கழுவிவிடுவதும் அவசியம்.

நான் சறுக்கியது அந்தக் கழுவலில்தான். பளபளவென்று வெளிவந்த ஃபிரேமை வீட்டு போர் தண்ணீரில் தாராளமாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பிரைமராக, அதாவது அடிப்பூச்சாக, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கரும்பச்சை எனாமல் அடித்தேன். நான்கு மாதத்தில், கீழ்க்குழாயின் அடிவயிற்றில் கடுகளவு கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. ஒன்றை ஊசியால் குத்தினேன். துளி நீர் கசிந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்க்கும் அசட்டுத்தனத்தையும் செய்தேன். கரித்தது. பெயின்ட் படலம் நீராவியை முழுதாகத் தடுப்பதில்லை. உப்பையோ அது விடாது. எனவே படலத்துக்கு அடியில் உப்பு சிக்கிவிட்டால், ஊறுகாய் ஜாடியில் உப்பு மாங்காயின் நீரை இழுப்பதுபோல, வெளியிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரைச் சிக்கனம் கருதிப் பயன்படுத்துவது அதைவிட மோசம், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். மெட்ரோ தண்ணீரில் சூடாகப் பலமுறை அலசி, கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரால் ஒருமுறை கழுவி, உடனே உலர்த்துவதே சரி.

ரெட் ஆக்சைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் செந்நிறத்துக்கு இரும்பு ஆக்சைடுதான் காரணம். அது ஒரு நிறமி, காவலாளி அல்ல. துத்தநாகம் செறிந்த பிரைமர் வேறு வகை: கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது வெற்று இரும்பைத் தொட வேண்டும். துருவின்மேலோ பாஸ்பேட்டின்மேலோ பூசினால் அந்தப் பலன் கிட்டாது.

நம் விருப்பப்படி மாற்றியமைப்பதில் எஃகு காட்டும் பெருந்தன்மை அலுமினியத்திடம் கிடையாது. பின்சக்கர அச்சு உட்காரும் பின்முனைகளுக்கிடையே 110 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ஃபிரேமில், 130 மில்லிமீட்டர் தேவைப்படும் கியர் வைத்த பின்சக்கரத்தைப் பொருத்த வேண்டுமானால், சூடேற்றாமலே மெல்ல விரித்துவிடலாம். சிறிது விரித்தால் வில்போல் திரும்பிவிடும். மீள் எல்லையைத் தாண்டியதும் புது வடிவிலேயே நின்றுவிடும். இரு பக்கமும் சமமாக விரிந்ததா என்பதை, ஹேண்டில்பார் செருகும் தலைக்குழாயிலிருந்து பின்முனை வரை நூல் கட்டிச் சரிபார்க்க வேண்டும்.

இனி குழாயின் உட்புறம். பிரஷ் நுழையாத அந்த இருட்டுக்குள் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டால், எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாக இறுகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது; இறுகும்போது வெளிவரும் வெப்பத்தில் அது தானாகவே தீப்பிடிக்கலாம். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் ஒரு சிறு வடிதுளை இருந்தால், புதுப் பெயின்ட்டோ எண்ணெயோ அதை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஆணியால் குத்தித் திறந்துவிட்ட பிறகே சக்கரங்களை மாட்ட வேண்டும்.