சோள மாவுப் பை சட்டப்படி செல்லுமா? மக்கும் பிளாஸ்டிக் விதிகள், கடைக்காரருக்கும் சிறு உற்பத்தியாளருக்கும்

“இது சோள மாவுல செஞ்ச பைங்க, தடை இதுக்குப் பொருந்தாது” என்று சொல்லிவிட்டு மொத்த வியாபாரி கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போகிறார். முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பை செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. தூக்கிப் போட்ட பிறகு அது முழுதாக மக்குமா, அதற்குச் சான்று உண்டா என்பதைத்தான் விதி பார்க்கிறது.

விதி எங்கே இருக்கிறது? மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. இதில் 2021-ல் செய்த திருத்தப்படி கேரி பேக்கின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான். அதே திருத்தம் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா, ஸ்வீட் பாக்ஸ் மேல் சுற்றும் உறை உள்ளிட்ட பொருட்களை 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. இந்தத் தடிமன் கட்டுப்பாடும் இந்தத் தடையும் மக்கும் பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் ஒரு அடுக்கு உண்டு. 2018 ஜூன் அரசாணை 14 வகைப் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. கேரி பேக் எந்தத் தடிமனாக இருந்தாலும் இங்கே தடைதான். “120 மைக்ரான் போட்டிருக்கே” என்று கடையில் வாதாடுவது தனித் தடை இல்லாத மாநிலத்துக்குச் சரி, இங்கே எடுபடாது. பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. மக்கும் பைக்கு அரசாணை விலக்கு தந்தது. தரநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும், பையிலேயே மக்கும் என்ற குறி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இனி ‘தாவரத்திலிருந்து’ என்ற சொல். கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் செய்கிறார்கள். பிரேசிலில் 2010 முதல் ஆலை அளவிலேயே நடக்கிறது. மூலம் கரும்புதான். வந்து விழுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் அதே பாலிஎத்திலீன், மக்காது. விதிப்படி அது சாதாரண பிளாஸ்டிக். மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதைக் கோத்துச் செய்யும் பி.எல்.ஏ. மக்கும். ஆனால் தனி பி.எல்.ஏ. மொடமொடவென்று இருக்கும், பைக்கு ஆகாது. அதனால் பி.பி.ஏ.டி. என்ற நெகிழும் பாலிமரைச் சேர்க்கிறார்கள். பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, இருந்தும் மக்கும். ஆக ‘சோளப் பை’ என்று விற்பதில் நல்ல பங்கு சோளமே அல்ல. இதில் மோசடி எதுவும் இல்லை. பாலிஎத்திலீனில் கொஞ்சம் மாவைக் கலந்து அதே பெயரில் விற்பதுதான் மோசடி. அது துண்டு துண்டாக உதிருமே தவிர மக்காது.

தரநிலையின் பெயர் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. அது கேட்பது நான்கு. உரக்குவியலின் சூட்டில், அதாவது சுமார் 58 டிகிரி செல்சியஸில், 180 நாளுக்குள் பொருளின் கரிமத்தில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் முதல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். கிடைத்த உரத்தில் விதை முளைப்பும் பயிர் வளர்ச்சியும் வழக்கமான உரத்தில் வருவதில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

சிறு உற்பத்தியாளர்கள் சறுக்குவது இங்கேதான். சான்று உள்ள குருணை (உருக்கிப் பை செய்யும் மூலப்பொருள்) வாங்கிவிட்டோம், போதும் என்று நினைக்கிறார்கள். நிறத்துக்குச் சேர்க்கும் மாஸ்டர்பேட்ச், அச்சு மை எல்லாமே கணக்கில் வரும். 1 சதவீதத்துக்குக் குறைவாகச் சேர்க்கும் பொருளைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சோதிக்காதவை எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தடிமனும் அப்படியே. 30 மைக்ரானில் சிதைந்த பொருள் 80 மைக்ரானில் 12 வாரத்துக்குள் சிதையும் என்று சொல்ல முடியாது. சோதித்த தடிமனுக்கு மேல் ஓட்டினால் அந்த அறிக்கை கை கொடுக்காது. முன்பு பாலிஎத்திலீன் ஓட்டிய எக்ஸ்ட்ரூடரை, அதாவது குருணையை உருக்கித் தள்ளும் எந்திரத்தை, சரியாகக் கழுவாமல் ஓட்டினால் முதல் சில கிலோ கலப்படமாகவே வரும்; அதைத் தனியே ஒதுக்குங்கள். குருணையை உலர்த்தாமல் ஓட்டினால் ஈரம் பாலிமர்ச் சங்கிலியை அறுக்கும். படலம் பலமிழக்கும், சீல் பிரியும்.

சான்று தருவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 4-வது விதிப்படி மக்கும் கேரி பேக்கைத் தயாரிப்பவர் சந்தைக்கு விடும் முன் அதைப் பெற வேண்டும். விண்ணப்பத்துக்கு அடிப்படை தரநிலைப்படியான சோதனை அறிக்கை. இத்தகைய சோதனைகள் செய்யும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. மக்கும் சோதனை மட்டுமே 180 நாள் வரை போகும் என்பதால் எந்திரத்துக்குக் கடன் வாங்கும்போது தவணையை அதற்கேற்ப வையுங்கள். ஆலையை நடத்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனி. 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு (இ.பி.ஆர்.) நெறிமுறையில் மக்கும் பிளாஸ்டிக் 4-வது வகை. அதன்படி மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்வதும் தனி வேலை.

கடைக்காரர் பார்க்க வேண்டியது: பையில் தயாரிப்பாளர் பெயர், மக்கும் என்ற குறி, சான்று எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா? உங்கள் கடைப் பெயர் பெரிதாக இருப்பது இதற்கு ஈடாகாது. பிறகு அந்த எண்ணை மத்திய வாரியம் இணையத்தில் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்து, நிறுவனப் பெயர் வேறாக இருந்தால் இன்னொருவர் எண்ணை அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். பில்லில் ‘கவர்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மக்கும் பை என்றும் சான்று எண்ணும் இருக்கட்டும். சோதனைக்கு வருபவரிடம் காட்ட உங்கள் கையில் இருப்பது அதுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2024 ஏப்ரல் முதல் அபராதம் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை போகலாம்; உள்ளாட்சி அபராதம் வேறு.

வீடியோக்களில் காட்டும் சோதனைகளை நம்பாதீர்கள். வெந்நீரில் கரைந்தால் அது பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால், பி.எல்.ஏ. வெந்நீரில் கரையாது. அயோடின் விட்டால் கருநீலமாவது மாவு இருப்பதை மட்டும் சொல்லும். மாவு கலந்த பாலிஎத்திலீனும் அதே நிறம் காட்டும். எரித்து முகர்ந்து பார்த்தும் மக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று: மக்கும் சான்று, உணவுக்கு ஏற்றது என்ற சான்று அல்ல. சாப்பாடு நேரடியாகப் படும் என்றால் ஐ.எஸ். 9845 முறைப்படி கசிவுச் சோதனை அறிக்கை கேளுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் பொருளுக்கு வரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம். கொதிக்கும் சாம்பாரைச் சாதாரண பி.எல்.ஏ. டம்ளரில் ஊற்றினால் டம்ளர் துவண்டுவிடும், ஏனென்றால் அது 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். சூடான பார்சலுக்குப் படிகமாக்கிய பி.எல்.ஏ. என்று கேட்டு வாங்க வேண்டும். பைகளை ஓட்டுக்கூரைக் கிடங்கில் கோடை முழுக்க அடுக்கி வைத்தால் மடிப்பில் கிழியும். சில மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, முதலில் வந்ததை முதலில் செலவழியுங்கள்.

பாக்குமட்டைத் தட்டு, கரும்புச் சக்கைத் தட்டு, துணிப்பை இவையெல்லாம் பிளாஸ்டிக்கே அல்ல. இந்தச் சான்று தேவையில்லை. சக்கைத் தட்டின் மேல் பளபளவென்று படலம் ஒட்டியிருந்தால் மட்டும் கதை மாறும்: அந்தப் படலம் எது என்று கேட்க வேண்டும்.

வாங்கிப் போனவர் என்ன செய்வார் என்பதுதான் விதி முழுதாகத் தீர்க்காத இடம். 58 டிகிரி என்பது பெரிய உரக்குவியலின் நடுவில் கிடைக்கும் சூடு. கொல்லைக் குழியிலோ கால்வாயிலோ கிடைக்காது. அங்கே பி.எல்.ஏ. பல காலம் அப்படியே கிடக்கும். 45 நாளில் உரத்தைச் சலித்து எடுக்கும் மையத்திலும் பை முழுசாக மேலே வந்து நிற்கும், பொறுக்கிக் குப்பைக்கே அனுப்புவார்கள். பாட்டில் மறுசுழற்சியில் கலந்தால் இன்னும் தொல்லை. பாட்டில் பிளாஸ்டிக்கான பெட் துகளை உலர்த்தும் 160 டிகிரி சூட்டிலேயே பி.எல்.ஏ. உருகித் துகள்களை ஒட்டவைத்துவிடும். ஆகவே காலியான மக்கும் பை போக வேண்டியது ஈரக் குப்பைக் கூடைக்கு. பழைய பிளாஸ்டிக் எடைக்குப் போடுபவரிடம் அல்ல.