மலிவு ஜூம் லென்ஸில் எதைக் குறைத்திருக்கிறார்கள்?

திருகோணமலை பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று 15 மீற்றர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிரர்லெஸ் கமராவோடு சேர்ந்து வரும் 16-50 கிட் லென்ஸை 50 வரை திருப்பிப் பார்த்தால், படத்துக்குள் ஏழு மீற்றர் அகலமான காட்சி விழும். மான் அதில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் மரம், மதில், கோணேஸ்வரத்துக்கு ஏறிப் போகிற சனம். நின்ற இடத்திலேயே 210 மி.மீ. லென்ஸால் பார்த்தால் அகலம் 1.7 மீற்றராகச் சுருங்கிவிடும். மான் மட்டும்தான் இருக்கும். கணக்கு சுகமானது. சென்சரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, குவியத்தூரத்தால் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் 50, 210 போன்ற எண்) வகுத்தால் சரி. முழுச்சட்டத்தை விடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சர் என்றால் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ.

இதையே கடலில் போட்டுப் பார்த்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடற்பள்ளத்தாக்கு கிடப்பதால் நீலத்திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்டவே வருகின்றன. 25 மீற்றர் நீளமான ஒன்று 100 மீற்றர் தூரத்தில் எழும்பினால், 210 மி.மீ. லென்ஸுக்குள் அதன் பாதிகூட அடங்காது. வால் விரிக்கும் நேரத்துக்கு அந்த லென்ஸ் அளவானது. திமிங்கிலம் எடுக்க 600 வேண்டும் என்று கடன்படத் தேவையில்லை. குருவிகளின் பின்னால் அலைகிறவர்களின் கதை வேறு; அவர்களுக்கு 400 கூடக் காணாது.

சரி, அதே 200 சொச்சம் வரை போகும் ஒரு லென்ஸ் மலிவாகவும் இன்னொன்று பல மடங்கு விலையாகவும் இருப்பது ஏன்? விடை லென்ஸிலேயே எழுதியிருக்கிறது. சோனியின் 55-210 லென்ஸில் எஃப்4.5-6.3 என்று இருக்கும்; முதல் எண் 55-க்கு, இரண்டாவது 210-க்கு. குவியத்தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாசலின் (அப்பர்ச்சர்) விட்டம் கிடைக்கும். 210-ஐ 6.3-ஆல் வகுத்தால் 33 மி.மீ. அதே 210-ல் எஃப்2.8 வேண்டுமென்றால் வாசல் 75 மி.மீ. ஆக வேண்டும். முன்கண்ணாடி அதைவிடச் சின்னதாக இருக்க முடியாது. அகலமான கண்ணாடியின் ஓரங்கள் ஒளியை அதிகமாக வளைக்கும். வளைய வளைய நிறம் பிரியும், உருவம் கலங்கும். அதைத் திருத்த இன்னும் கண்ணாடிகள், விலை கூடிய கண்ணாடிகள் வேண்டும். சோனியின் அந்தச் சின்ன லென்ஸ் 345 கிராம். 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் உள்ள முழுச்சட்டக் கமராக்களுக்கான 70-200 எஃப்2.8 லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். நாம் காசு கொடுப்பது பெரும்பங்கு அந்த விட்டத்துக்குத்தான்.

ஜூம் என்ற ஏற்பாடே கொஞ்சம் சிக்கலானது. குழாய்க்குள் கண்ணாடிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. நீளமான ஜூம்களில் வழக்கமாக முன்கூட்டம் ஒளியைக் குவிக்கும், அதற்குப் பின்னால் உள்ளது விரிக்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூடக் குவியத்தூரம் கூடும், காட்சி பெரிதாகும். ஆனால் அப்படி நகர்த்தும்போது உருவம் விழும் இடமும் சென்சரை விட்டு விலகிப் போகும். அதைத் திரும்ப இழுத்து வர இன்னொரு கூட்டமும் நகர வேண்டும். வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. அதில் வளைந்த பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு கூட்டமும் தன் பள்ளத்தின் வழியே ஓடுவதால், ஒரே திருப்பலில் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் நகர்கிறது.

இந்த எண்ணத்துக்கு அமெரிக்காவில் கிளைல் அலன் என்பவர் 1902-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் 35 மி.மீ. கமராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் வர 1959 ஆகிவிட்டது. ஃபொய்க்லென்டர் ஜூமார் என்ற அது 36-லிருந்து 82 வரைதான் போனது. ஒரு குவியத்தூரத்தில் திருத்திய பிழை இன்னொன்றில் தலைகாட்டும் என்பதே அதற்குப் பின்னும் நெடுநாள் தலைவலி. 18-300 போன்ற எல்லாம் ஒன்றில் அடங்கிய லென்ஸ்களை நான் பெரிதாக விரும்பாததற்கும் அதுவே காரணம். ஐந்து மடங்குக்குள் நிற்கும் 55-210, 50-250 வகையறாவை விட, பதினாறு மடங்கு இழுக்கும் லென்ஸில் சமரசங்கள் கூட. பயணத்தில் லென்ஸ் மாற்றச் சோம்பல்படுகிறவருக்கு அது பரவாயில்லை.

மிரர்லெஸ் கமராக்கள் வந்த பிறகு மலிவு ஜூமுக்கு நல்ல காலம் பிறந்தது. பழைய எஸ்எல்ஆர் கமராவில், ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால் லென்ஸ் சென்சரிலிருந்து தள்ளியே நின்றது. கனன் ஈஎஃப் மவுண்டில் (லென்ஸ் பூட்டும் வளையம்) 44 மி.மீ. தூரம். சோனி ஈ மவுண்டில் அது 18, நிக்கோன் இசட்டில் 16. லென்ஸின் பின்கண்ணாடி சென்சருக்குக் கிட்ட வந்ததால் அகலக்கோண லென்ஸ்களைச் சின்னதாகச் செய்ய முடிந்தது. அடுத்தது ஃபோகஸ். எஸ்எல்ஆரின் ஓட்டோ ஃபோகஸ் எஃப்5.6-க்கு அப்பால் திணறும். சில உடல்கள் எஃப்8 வரை தாங்கின. சென்சரிலேயே ஃபோகஸ் பார்க்கும் மிரர்லெஸுக்கு அந்தக் கவலை குறைவு. அதனால்தான் கனன் 2021-ல் 100-400 எஃப்5.6-8 என்று 635 கிராமில் ஒரு லென்ஸை விட முடிந்தது. மூன்றாவது, மென்பொருள். அகலப்பக்கத்தில் நேர்கோடுகள் வளைவதைக் கமராவே நிமிர்த்திவிடுகிறது. வியூஃபைண்டரில் தெரிவதும் நிமிர்த்திய படம்தான். மூலைகளை இழுத்து நிமிர்த்துவதால் அங்கே கூர்மை கொஞ்சம் போகும். கட்டடங்கள் எடுக்கிறவருக்கு இது உறுத்தும், மான் எடுக்கிறவர் கவனிக்கவே மாட்டார்.

இருட்டாக இருக்கும் எஃப்6.3 நமக்கு எவ்வளவு பிரச்சினை? திருகோணமலையில் பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல வெயிலில் எஃப்6.3, ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்திறன்; கூட்டக் கூடப் படத்தில் புள்ளிகள் கூடும்) 400 வைத்தால் செக்கனில் ஏறக்குறைய 2500-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைக்கும். துள்ளும் டொல்பினை நிறுத்திப் பிடிக்க அது போதும். இரவில் வண்டவாளம் தெரியும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா வெளிச்சத்தில் எஃப்2.8-க்கு ஐஎஸ்ஓ 3200 போதும் என்றால், எஃப்6.3-க்கு 16000 வேண்டும், ஐந்து மடங்கு. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் இதற்கு உதவாது. அது நம் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். சாமி தூக்கி ஆடி வருகிறவர்களை நிறுத்தாது. விலை கூடிய எஃப்2.8 ஜூமுக்குப் பதிலாக, மலிவு ஜூமோடு ஒரு 35 அல்லது 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸை வாங்குவதே என் கட்சி. எஃப்6.3-ஐ விட அது பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும், இரண்டையும் சேர்த்தாலும் எஃப்2.8 ஜூமின் விலை வராது.

லென்ஸைத் திட்டுவதற்கு முன் காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் உட்துறைமுகத்தின் அக்கரையை 210-ல் எடுத்தால் எல்லாம் நெளிந்து கரைந்துதான் வரும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் வரும் நெளிவு அது. எத்தனை இலட்சம் கொடுத்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. அதே காட்சியைக் காலை ஆறரைக்கு எடுத்துப் பார்த்தால் மலிவு லென்ஸின் உண்மையான தரம் தெரியும்.

பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் அந்த அக்கரை மரவரிசையையே சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, மரங்களை முதலில் படத்தின் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வைத்து, ஒவ்வொரு முறையும் மரங்களிலேயே ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். பெருப்பித்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் இலை வடிவாகவும் மறுபக்கம் பஞ்சாகவும் இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. விழுந்த லென்ஸாக இருக்கலாம். இரண்டு ஓரமும் ஒரே மாதிரிக் கொஞ்சம் மங்கல் என்றால் அது அந்த வகை லென்ஸின் இயல்பு, எஃப்8-க்கு மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சணம். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். நீளும் ஜூம்கள் சைக்கிள் பம்ப் மாதிரி ஒவ்வொரு இழுப்புக்கும் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும். கடற்கரையில் அந்தக் காற்றோடு ஈரமும் உப்பும் போகும். வீட்டுக்கு வந்ததும் வெளிக்குழாயைத் துணியால் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். மாரி மாதங்களில் ஜெல் சீக்கிரம் ஈரம் குடித்துவிடும். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.