வகுப்பின் முதல் அரை மணி: குழந்தைகள் தாமாகச் செய்யும் காலைப் பணி

சிறப்புப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. முதல் வேன் வந்து வெகுநேரம் கழித்தே கடைசி வேன் வரும். அதற்கிடையில் ஆசிரியர் வீட்டுக் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். இரவில் வலிப்பு வந்ததா, காலை மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்டறிய வேண்டும். கழிப்பறைக்குச் செல்பவருக்குத் துணை போக வேண்டும். அந்நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருக்கும் குழந்தை, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தை, எழுந்து ஓடுகிறது அல்லது தன் கையைக் கடித்துக்கொள்கிறது. அதைக் குழந்தையின் குணம் என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். பல வேளைகளில் அது வெறுமையான நேரத்தின் விளைவு என்பதே நான் கண்டது.

இந்த நேரத்துக்கான காலைப் பணியில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: குழந்தை ஏற்கெனவே கற்றுத் தேர்ந்ததை மட்டுமே மேசையில் வைக்க வேண்டும். புதிய பாடத்தை வைத்தால் குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும்; கற்பித்தலுக்கு அன்றைய பொழுது முழுவதும் இருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் குழுவினரின் முயற்சியில் வளர்ந்து, 1972-இல் மாநிலம் தழுவிய திட்டமான, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான டீச் (TEACCH) முறை இதற்கு நல்ல அடித்தளம் தருகிறது. என்ன வேலை, எவ்வளவு வேலை, முடிந்தது என்று எப்படித் தெரியும், முடிந்தபின் என்ன என்னும் நான்கு கேள்விகளுக்கும், யாரும் வாய் திறக்காமலே, மேசையின் அமைப்பே விடை சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இடப்பக்கம் மூன்று தட்டுகள், வலப்பக்கம் முடித்தவற்றைப் போட ஒரு கூடை, மேசை விளிம்பில் வெல்க்ரோ பட்டையில் தட்டுக்கு ஒன்றாக ஒட்டிய மூன்று வண்ண அட்டைகள், அவற்றின் முடிவில் ஊஞ்சலின் படம் என்ற அளவில் தொடங்கலாம். படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே காட்ட வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. காலணிப் பெட்டி, துணிக் கிளிப், பாட்டில் மூடி, பெரிய பட்டன் போதும். ஆனால், வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தைக்குச் சிறு பொருட்கள் கூடவே கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தட்டுக்கு அடியில் வழுக்காத விரிப்பு இருந்தால், பொருளைப் பிடிப்பதில் மட்டும் கவனம் செலுத்த முடியும்.

இவ்வளவும் செய்த பிறகும் முறை தோற்பது பெரும்பாலும் பெரியவர்களால்தான். ஆசிரியரோ ஆயாவோ எதிரே அமர்ந்து, “எடு கண்ணா, இங்கே போடு, சபாஷ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தால், குழந்தை அந்தக் குரலுக்குப் பழகுகிறதே தவிர வேலைக்குப் பழகுவதில்லை. குரல் நின்றதும் கையும் நின்றுவிடுகிறது. வாய்ச்சொல்லாகத் தரும் தூண்டுதலைப் பின்னர் விலக்குவது கடினம். ஆகவே, கற்றுத்தரும் நாட்களில் குழந்தையின் பின்னால் நின்று, பேசாமல், கையைப் பிடித்து வழிகாட்டி, பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பிடியைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். குழந்தை தயங்கும்போது உடனே உதவாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பது, அன்பு மிகுந்தவர்களுக்குத்தான் மிகவும் சிரமமாக இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பல குழந்தைகள் தாமாக அடுத்த தட்டை எடுக்கிறார்கள்.

பதிவேட்டில் எத்தனை தட்டு முடிந்தது என்பதைவிட, எந்த உதவியோடு முடிந்தது என்பதைக் குறிக்க வேண்டும்: தானாக, சைகையால், சொல்லால், கைபிடித்து. தொடர்ந்து சில நாட்கள் ‘தானாக’ என்றே வந்தால், தட்டிலுள்ள வேலையை மாற்றலாம். மேசையின் ஒழுங்கை மாற்றக் கூடாது. அந்தப் பதிவு அப்படியே தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்துக்குப் போக வேண்டும். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் வீட்டில் எந்த உதவியை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க முடியும்.

பதினான்கு வயதைக் கடந்த மாணவர்களுக்குப் பட்டனும் பாட்டில் மூடியும் பொருந்தாது. அவர்களின் தட்டில் காகிதத்தை உறையிலிடுதல், திருகாணியில் மரை பூட்டுதல், கரண்டிகளை வகைபிரித்தல் போன்றவை வர வேண்டும். இடமிருந்து எடுத்து வலப்பக்கக் கூடையில் முடிக்கும் அதே ஒழுங்கு தொழிற்பயிற்சிக் கூடத்திலும் தொடர்வதற்கு, அங்குள்ள பயிற்றுநரை முன்கூட்டியே வகுப்புக்கு அழைத்து, ஒரு காலைப் பணியை முழுமையாகப் பார்க்கச் சொல்வது நல்லது.