விழ வேண்டியவன் உங்கள் மாடியிலிருந்து விழ வேண்டாம்

"கைப்பிடிச்சுவர் அப்புறம் கட்டிக்கலாம் சார், அடுத்த வருஷம் மேல எடுக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்." வீடு கட்டுபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கையில் இருக்கும் பணம் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் மொட்டை மாடி வேலை வரும். கீழே கிரானைட், மாடுலர் கிச்சன் எல்லாம் முடிந்திருக்கும். எதைக் குறைக்கலாம் என்று பார்த்தால் அந்த மூன்றடிச் சுவர்தான் கண்ணில் படும். கிரகப்பிரவேசத்தன்று மாடியில் பந்தி நடக்கும், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும், ஓரத்தில் சுவர் இருக்காது.

இந்தச் சுவருக்கென்றே யூதர்களின் தோராவில் ஒரு கட்டளை இருக்கிறது. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரா வாரம் சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் சுருளிலிருந்து வாசிப்பார்கள். அந்தப் பகுதிக்கு பரஷா என்று பெயர். ஆண்டு முழுக்க வாசித்து, சிம்ஹத் தோரா திருநாளில் முடித்து, அன்றே முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரிக்குத் திரும்பிவிடுவார்கள். ரபியின், அதாவது யூத மதகுருவின், உரையும் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சும் அந்த வாரத்துப் பகுதியைச் சுற்றியே இருக்கும்.

நான் சொல்லும் பகுதியின் பெயர் கி தெட்சே, ஐந்தாவது நூலான உபாகமத்தில் 21:10 முதல் 25:19 வரை. ஆகஸ்ட் பிற்பாதியிலோ செப்டம்பரிலோ, யூதப் புத்தாண்டுக்கு முந்தைய எலுல் மாதத்தில் வரும். யூதர்கள் தங்களைத் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளும் மாதம் அது. தோராவின் மொத்தம் 613 கட்டளைகளில் 74 இந்த ஒரு பகுதிக்குள் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். வழி தவறி வந்த மாட்டை உரியவனிடம் சேர்த்துவிடு, கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்துக்கொள்ளாதே. ஆன்மிகம் என்றால் கண்ணை மூடி உட்கார்வது என்று நினைத்து வருபவருக்கு இது ஏதோ ஊராட்சி விதிமுறை போலத் தெரியும். எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

இதில் 22:8-ஆம் வசனம் சொல்வது இவ்வளவுதான்: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரவேண்டாம். அந்தக் காலத்து இஸ்ரவேல் வீடுகளும் தட்டையான கூரை போட்டவைதான். எரிகோ நகரத்தில் ராகாப் என்ற பெண் இஸ்ரவேல் வேவுகாரர்களை ஒளித்துவைத்தது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள். இஸ்ரவேலின் அகசியா ராஜா சமாரியாவில் தன் மேல்வீட்டுக் கிராதி வழியாக விழுந்து, அதிலிருந்து எழுந்திருக்காமலே செத்துப்போனான். அரண்மனையிலேயே அந்த நிலைமை!

இந்த வசனத்துக்கு ராஷி எழுதிய விளக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ராஷி (1040–1105) பிரான்சின் துருவா நகரத்தவர். தோராவைப் படிக்கும் எந்த யூதச் சிறுவனும் அவர் உரையோடுதான் தொடங்குவான். மூல வசனம் "ஒருவன் விழுந்தால்" என்று சொல்லாமல் "விழுகிறவன் விழுந்தால்" என்கிறது. விழுவதற்கு முன்பே அவன் எப்படி விழுகிறவன் ஆனான்? ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தை ஒட்டி ராஷி பதில் சொல்கிறார்: அவன் தன் வினையால் விழ வேண்டியவனாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சாவு உன் கையால் வரக்கூடாது. நல்லது நல்லவர் வழியாக நடக்கும், கெட்டது குற்றவாளி வழியாக நடக்கும்.

விபத்து நடந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். "அவன் தலையெழுத்து, நாம என்ன செய்ய முடியும்?" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ராஷி அதை மறுத்துப் பேசவில்லை. தலையெழுத்தாகவே இருக்கட்டும், சரி. சுவர் கட்டாத உன் கணக்கு வேறு கணக்கு என்கிறார். விதியை நம்புகிறவரிடமும் எடுபடும் வாதம் இது. சுவர் வேண்டாம் என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், ராஷி பெயரைச் சொல்லாமல்.

அடுத்து அளவு. மைமோனிடெஸ் (1138–1204) மருத்துவர், யூதச் சட்ட அறிஞர். கைப்பிடிச்சுவர் பத்துக் கையகல உயரத்துக்குக் குறையக்கூடாது, ஒருவன் சாய்ந்தால் தாங்கும் பலம் அதற்கு வேண்டும் என்று எழுதிவைத்தார். கையகலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, பத்து என்பது 80 முதல் 96 சென்டிமீட்டர் வரை வரும். நம் தேசிய கட்டட நெறிமுறை குறைந்தது ஒரு மீட்டர் கேட்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த ஒரு மீட்டரை எங்கிருந்து அளப்பது? கொத்தனார் கான்கிரீட் தளத்திலிருந்து அளந்து கட்டிவிட்டுப் போய்விடுவார். அதன்மேல் வாட்டம் கொடுத்துச் சுருக்கி போட்டு, கூலிங் டைல்ஸ் ஒட்டும்போது தரை நான்கைந்து அங்குலம் ஏறிவிடும், சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். முடிந்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். இரண்டாவது, சாய்ந்தால் தாங்க வேண்டும் என்ற அந்த வரி. நாலரை அங்குல ஒற்றைக்கல் சுவரை நடுவில் தூணும் இல்லாமல், தலையில் கான்கிரீட் பட்டையும் இல்லாமல் நீளமாக ஓட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சுவர்தான். கல்யாண வீட்டில் நான்கு பேர் சேர்ந்து சாய்ந்து செல்ஃபி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். எட்டடிக்கு ஒரு சிறு தூண், மேலே கம்பி போட்ட பட்டை, இது போதும். அழகுக்காகப் படுக்கை வாட்டில் எஸ்.எஸ். பைப் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. செங்குத்துக் கம்பியாக வையுங்கள், இடைவெளி நான்கு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

ரபிகள் இந்தக் கட்டளையை மாடியோடு விடவில்லை. வீட்டில் கடிநாய் வளர்க்கக்கூடாது, ஆட்டம் காணும் ஏணியை வைத்திருக்கக்கூடாது என்று ரபி நாத்தான் இதே வசனத்திலிருந்து எடுத்துக் காட்டியதாகத் தால்முத் சொல்கிறது. முற்றத்தில் கிணறோ குழியோ இருந்தால், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றுச்சுவர் எழுப்பு, இல்லையேல் மூடி போடு என்கிறார் மைமோனிடெஸ். "தண்ணீர் இல்லாவிட்டாலும்" என்பதைப் படிக்கும்போது, 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே வறண்ட ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்து, ஊரே நான்கு நாள் டி.வி. முன் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வராமல் இருக்காது. கைவிட்ட கிணறுகளை நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. உங்கள் வீட்டு சம்ப் மூடியையும் இன்றே ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.

"என் உயிர், நான் என்ன செய்தால் உனக்கென்ன?" என்பவருக்கும் மைமோனிடெஸ் பதில் வைத்திருக்கிறார்: கசையடி. சாரத்தில் பெல்ட் போட மறுக்கும் ஆட்களைப் பார்க்கும்போது மனுஷன் சரியாகத்தான் சொன்னார் என்று தோன்றும்.

வாடகை வீட்டு விஷயத்தில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. கதவும் தாழ்ப்பாளும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஏணி, கைப்பிடிச்சுவர், கூரைத் தண்ணீர் வழியும் தூம்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு என்கிறது தால்முத். மாடியைப் புழங்குகிறவர் அவர்தானே. நம் ஊரில் வாடகைதாரர் செங்கல் அடுக்கினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அது வேறு கதை. ஆனாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பவர்கள், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கும் ஏறிப் பாருங்கள். சுவர் இடுப்புக்குக் கீழே நின்றால் உயர்த்தித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், செலவை வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.