சில்வர் ஸ்பிரிங்ஸ் மாநிலப் பூங்கா: பொதுமக்களுக்கு உள்ள உரிமைகளும் ஊற்றைக் காக்கும் சட்டங்களும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒக்காலா நகரை அடுத்துள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்று, 2013 அக்டோபர் 1 அன்று மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1870களிலிருந்து அடியில் கண்ணாடி பதித்த படகுகளில் பயணிகளை ஏற்றிச் சென்று ஊற்றின் ஆழத்தைக் காட்டிவந்த இந்த இடம், நூறாண்டுகளுக்கும் மேலாகத் தனியாரின் கேளிக்கைத் தலமாகவே நடந்தது. அது பூங்காவானதால் பொதுமக்களுக்குக் கிடைத்த உரிமைகள் எவை, அந்தத் தகுதியால் மட்டும் காப்பாற்ற முடியாதது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலம் அரசுடையதாக இருப்பதும் அது பூங்காவாக நிர்வகிக்கப்படுவதும் வெவ்வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். புளோரிடா அரசு இந்த நிலத்தை 1993ஆம் ஆண்டிலேயே வாங்கிவிட்டது. ஆனால் கேளிக்கைத் தலத்தை நடத்தும் உரிமை குத்தகையாகத் தனியார் நிறுவனங்களிடமே இருந்ததால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அங்கே விலங்குக் காட்சிக்கூடமும் விளையாட்டுச் சாதனங்களும் தொடர்ந்தன. குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே விலகிக்கொள்ள விரும்பிய நிறுவனம், 40 லட்சம் டாலர் செலுத்தவும் காட்சி விலங்குகளை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லவும் ஒப்புக்கொண்ட பின்னர்தான் ஊற்று முழுமையாகப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. ஏற்கெனவே அருகில் இருந்த சில்வர் ஆற்று மாநிலப் பூங்காவும் இதனுடன் இணைக்கப்பட்டது. கண்ணாடிப் படகுகள் நிறுத்தப்படவில்லை. அவை இப்போது அரசின் ஒப்பந்ததாரர் வழியாக, தனிக் கட்டணத்தில் இயங்குகின்றன.

பூங்காவுக்கு உள்ள பாதுகாப்புகளில் மிக வலிமையானது மாநில அரசியலமைப்பில் உள்ளது. மாநில அரசுக்குரிய பாதுகாப்பு நிலங்களின் உரிமை, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநரும் அவருடைய அமைச்சரவையைச் சேர்ந்த மூவரும் அடங்கிய அறங்காவலர் குழுவிடம் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஒன்றை விற்க வேண்டுமானால், அது அந்த நோக்கத்துக்கு இனித் தேவையில்லை என்று குழு தீர்மானிக்க வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும் வேண்டும். நால்வர் கொண்ட குழுவில் மூவரேனும் ஒப்ப வேண்டும் என்பதே இதன் பொருள். 1998இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு இருப்பதால், ஓர் ஆட்சி மாறியதும் நிலத்தைச் சத்தமின்றி விற்றுவிட இயலாது.

விற்காமலேயே ஒரு பூங்காவின் இயல்பை மாற்றிவிட முடியும் என்பது 2024இல் தெரிந்தது. சில மாநிலப் பூங்காக்களில் கோல்ஃப் மைதானங்களும் தங்கும் விடுதிகளும் கட்டும் யோசனை வெளியானபோது, கட்சி வேறுபாடின்றி மக்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அதன் விளைவாக 2025இல் இயற்றப்பட்ட மாநிலப் பூங்காப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய கட்டுமானங்களைப் பூங்காக்களில் தடை செய்கிறது. இதைத் தவிர, ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் உண்டு. பத்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். வரைவு முன்கூட்டியே வெளியிடப்பட்டு, பொது விசாரணைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். குடிமக்கள் தவறாமல் பயன்படுத்த வேண்டிய வாய்ப்பு இது என்றே நான் கருதுகிறேன்.

யாரை உள்ளே விடுவது என்பதைத் தனியார் உரிமையாளர் முடிவு செய்த காலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இனப் பிரிவினை நடைமுறையில் இருந்தபோது, கறுப்பின மக்களுக்கு ஊற்றின் முதன்மைப் பகுதி மூடப்பட்டிருந்தது. அவர்களுக்கென, ஊற்றிலிருந்து பாயும் சில்வர் ஆற்றின் கீழ்ப்போக்கில் பாரடைஸ் பார்க் என்ற தனி இடம் 1949 முதல் 1969 வரை நடத்தப்பட்டது. கண்ணாடிப் படகுகளைத் திறமையாகச் செலுத்திய கறுப்பினப் படகோட்டிகள் பலர், தாங்கள் வேலை செய்த இடத்துக்குத் தம் குடும்பத்தைப் பார்வையாளராக அழைத்து வர முடியாதவர்களாக இருந்தார்கள். இன்று சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தும் எவரும் காலை 8 மணி முதல் சூரியன் மறையும் வரை பூங்காவில் இருக்கலாம். மாநிலப் பூங்காக்களில், பணியின்போது உடற்குறை அடைந்த முன்னாள் படைவீரர்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கும் சட்டப்படியான கட்டணச் சலுகைகள் உள்ளன. 65 வயது நிறைந்த புளோரிடாவாசிகள் முகாமிடும் கட்டணத்தில் பாதியைச் செலுத்தினால் போதும்.

ஊற்றில் நீந்த அனுமதி இல்லை. குரங்குகளுக்கு உணவு கொடுப்பதும் குற்றமாகும். வட இந்தியாவில் காணப்படும் ரீசஸ் இனக் குரங்குகளை 1930களில் ஒரு படகுப் பயண நடத்துநர், பயணிகளைக் கவர்வதற்காக ஆற்றுத் தீவு ஒன்றில் விட்டார். அவை நீந்திக் கரையேறிப் பெருகிவிட்டன. மனிதருக்கு ஆபத்தான ஹெர்பிஸ் பி கிருமி அவற்றிடம் இருப்பதால், காட்டுக் குரங்குகளுக்கு உணவளிப்பதை மாநில வனவிலங்கு ஆணையம் 2018இல் தடை செய்தது.

இனி நீருக்கு வருவோம். சில்வர் ஸ்பிரிங்ஸில் பொங்குவது பூங்காவில் பெய்த மழைநீர் மட்டும் அன்று. பூங்கா எல்லைக்கு வெகு தொலைவு வரை விரிந்த நிலப்பரப்பில் பெய்யும் மழை, மணலிலும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் இறங்கி, நிலத்தடியில் ஓடி இங்கே வெளிவருகிறது. ஆகவே அந்தப் பரப்பில் இடும் உரமும், கால்நடைக் கழிவும், செப்டிக் டேங்குகளிலிருந்து கசிவதும் இதே ஊற்றில்தான் வந்து சேரும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விநாடிக்கு ஏறத்தாழ 800 கன அடியாக இருந்த நீர்வரத்து, பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மழைக் குறைவு, நிலத்தடி நீரை இறைத்தல், ஆற்றில் பெருகிய செடிகள் எனக் காரணங்கள் பல. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைட்ரேட்டின் அளவோ லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியது. சட்டம் நிர்ணயித்த வரம்பு 0.35 மில்லிகிராம். பூங்காக் காவலர் ஒருவர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், எல்லைக்கு அப்பாலுள்ள வயலில் இடப்படும் உரத்தைத் தடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்ததே 2016ஆம் ஆண்டின் ஊற்றுகள் மற்றும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம். சில்வர் ஸ்பிரிங்ஸ் உட்பட 30 ஊற்றுகளை அது சிறப்புத் தகுதி உடையவையாக அறிவித்தது. ஊற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பில் மிக எளிதில் மாசு இறங்கக்கூடிய பகுதிகள் வரையறுக்கப்பட்டு, அங்கே புதிய செப்டிக் டேங்குகளுக்கும் பெரிய கழிவுநீர் நிலையங்களுக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. நைட்ரேட்டை வரம்புக்குள் கொண்டுவர 20 ஆண்டு இலக்குடன் கூடிய செயல்திட்டமும் கட்டாயமாக்கப்பட்டது. ஊற்றில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை செயின்ட் ஜான்ஸ் ஆற்று நீர் மேலாண்மை மாவட்டம் என்ற அரசு அமைப்பு 2017இல் விதியாக்கியது. நிலத்தடி நீரைப் பெருமளவில் இறைக்க உரிமம் கேட்பவர்களின் விண்ணப்பங்கள் அந்த அளவை வைத்தும் பரிசீலிக்கப்படுகின்றன.

இந்தச் செயல்திட்டப் பகுதியில் ஒரு ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான மனையில் புதிதாக வீடு கட்டுவோர், பாதாளச் சாக்கடை வசதி இருந்தால் அதில் இணைய வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், கழிவுநீரிலுள்ள நைட்ரஜனில் குறைந்தது 65 சதவீதத்தை நீக்கும் மேம்பட்ட அமைப்பையோ அதற்கு நிகரான வேறு சுத்திகரிப்பையோ பொருத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வீட்டுமனை வாங்குவோர் பத்திரம் முடிக்கும் முன்பே, தங்கள் மனை இந்த எல்லைக்குள் வருகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.