நாய் பெற்ற தெங்கம்பழம்

‘நாய் பெற்ற தெங்கம்பழம்’ என்று ஒரு பழமொழி உண்டு. தேங்காய் கிடைத்த நாய் தானும் தின்னாது, அடுத்தவரையும் தின்ன விடாது என்பது பொருள். இதில் பாதிதான் உண்மை. உருட்டி விளையாடும் தேங்காயை நாய் யாருக்கும் விட்டுக்கொடுக்காது, சரி. ஆனால் தின்னாது என்று சொல்லிவிட முடியாது. ஒரு மத்தியானம் தனியாக விட்டால் போதும், மட்டையைக் கிழித்து நாரைப் பிய்த்து ஓடு வரைக்கும் வந்துவிடும். பிள்ளையார் கோயில் வாசலில் சூறைத்தேங்காய் சிதறும்போது பிள்ளைகளோடு தெருநாய்களும் ஓடி வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

நாய் வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது, தேங்காய் நாய்க்கு விஷமா என்றுதான். விஷம் இல்லை. சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். வெங்காயம் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேங்காயில் அப்படி எதுவும் கிடையாது. ஆபத்து வேறு வழியில் வருகிறது: மட்டையில் நாராக, ஓட்டில் கடினமாக, பருப்பில் கொழுப்பாக. வெளியிலிருந்து உள்ளே போவோம்.

நாய்க்கு மட்டைமேல் ஏன் இவ்வளவு ஆசை? வேட்டையாடும் விலங்கின் இயல்பில் துரத்துவது, பிடிப்பது, பிய்ப்பது எல்லாம் அடங்கும். வீட்டில் வளரும் நாய்க்குத் துரத்த இரை இல்லாவிட்டாலும் பிய்க்கும் ஆசை போகவில்லை. தேங்காய் மட்டை இழுக்க இழுக்க இழை இழையாக வரும். அந்த ஆசைக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பிய்த்துத் துப்பினால் பிரச்சினை இல்லை. எல்லா நாயும் துப்புவதில்லை.

தென்னை நாரை வலுவாக்குவது லிக்னின் என்ற பொருள். தண்ணீரில் கிடந்தாலும் மண்ணில் புதைந்தாலும் கயிறு எளிதில் மக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். கயிற்றுக்கு அது நல்ல குணம், நாயின் குடலுக்கு அல்ல. லிக்னினையும் செல்லுலோசையும் செரிக்கும் நொதி நாயிடம் கிடையாது. விழுங்கிய நார் விழுங்கியபடியே கிடக்கும். ஒன்றிரண்டு சிறு இழைகள் மலத்தோடு வெளியேறிவிடும். நிறைய விழுங்கினால் இரைப்பையில் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகும்.

அதைவிட மோசமானது நீளமான நார். அதன் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிடும். குடல் தன் வழக்கப்படி சுருங்கி விரிந்து அதைக் கீழே தள்ளப் பார்க்கும். நார் நகராது, குடல்தான் அதன்மேல் ஏறி ஏறிக் கொசுவிக்கொள்ளும். நாடாவை இழுத்தால் பாவாடை இடுப்பு சுருங்குமே, அதே மாதிரி. இறுகிய நார் நாளடைவில் குடல் சுவரை அறுக்கும், ஓட்டை விழும், குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசியும். அறுவை சிகிச்சையைத் தவிர வழியில்லை. வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்குவதைப் பார்த்தால் இழுத்துவிடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தென்னைநார்க் கட்டியையும் கவனிக்க வேண்டும். காய்ந்த கட்டி தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும், நாயின் வயிற்றுக்குள்ளும் உப்பும். அதில் உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு கலந்திருந்தால் நிலைமை இன்னும் தீவிரம். ஆமணக்கில் இருக்கும் ரைசின் உண்மையிலேயே கொடிய விஷம்.

அடுத்தது ஓடு. கொட்டாங்குச்சி, சிரட்டை, உங்கள் ஊரில் எப்படிச் சொன்னாலும் அது பல்லுக்கு எதிரி. நாயின் பல் நம் பல்லைவிட உறுதியானது என்று நாம் நினைக்கிறோம். பெரியதுதான், ஆனால் அதன் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நாயின் தாடை மேலும் கீழும்தான் இயங்கும், நம்மைப்போலப் பக்கவாட்டில் அரைக்காது. கடினமான பொருளைக் கடைவாயில் வைத்து அழுத்தும்போது மொத்த விசையும் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லில் இறங்குகிறது. கன்னத்தை விலக்கினால் பெரிதாகத் தெரியுமே, அந்தப் பல். எலும்பு கடிக்கும் நாய்களில் அதிகம் உடைவதும் அதுதான். வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் வெளியே தெரியும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது, பெரும்பாலும் தின்பதை நிறுத்தாது. சில வாரமோ மாதமோ கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் வேரில் சீழ் பிடித்தது தெரியவரும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் ஒரு எளிய சோதனை சொல்வார்கள். கொட்டாங்குச்சி அதில் தேறவே தேறாது.

உடைந்த ஓட்டின் விளிம்பு கூர்மையானது. ஈறைக் கிழிக்கும், மேல்வாயில் குறுக்கே செருகிக்கொள்ளும், உள்ளே போனால் உணவுக்குழாயைக் கீறும். சூறைத்தேங்காயில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஓங்கி அடித்து உடைக்கும்போது சிறு ஓட்டுச் சில்லுகள் பருப்போடு ஒட்டியே சிதறுகின்றன. தெருநாய் தினமும் தின்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. குடல் அடைத்து எங்கோ புதருக்குள் செத்துப்போன நாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் கண்ணில் படுவது பிழைத்த நாய் மட்டும்தான்.

இனி பருப்பு. இதைக் கொடுக்கலாம், அளவோடு. 100 கிராம் பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய 350 கலோரியும் 33 கிராம் கொழுப்பும் உண்டு. கொப்பரையில் தண்ணீர் வற்றிவிடுவதால் கொழுப்பு இரண்டு மடங்கு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவை. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. அப்படிப் பார்த்தால் 60 கலோரி, அதாவது 17 கிராம் தேங்காய். அதுவே மேல் எல்லை. ஒரு மேசைக்கரண்டித் துருவலே போதும் என்பேன். பொமரேனியன் மாதிரி சின்ன நாய்க்கு ஒரு சிட்டிகை.

அதிகமானால் என்ன ஆகும்? சாதாரணமாக வயிற்றுப்போக்கு, வாந்தி. அதைத் தாண்டியும் போகலாம். கணையம் தன் செரிமான நொதிகளைச் செயலற்ற வடிவில் தயாரித்து, சிறுகுடலுக்குப் போன பிறகே அவை விழித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. கணைய அழற்சியில் அவை கணையத்துக்குள்ளேயே விழித்து அதையே செரிக்கத் தொடங்கும். கொழுப்பு மிகுந்த எதையாவது நாய் திடீரென்று நிறையத் தின்பது இதற்கு முக்கியமான தூண்டுதல்களில் ஒன்று. முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நாய் நின்றால் அதற்குக் கடுமையான வயிற்றுவலி என்று புரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இந்த நோய் வந்த நாய்க்கும் உடல் பருத்த நாய்க்கும் தேங்காயே வேண்டாம்.

பூசணம் பிடித்த கொப்பரையையும் அழுகல் தேங்காயையும் நாய்க்குப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கல்லீரலை அழிக்கும், நாய்கள் அதை மிகக் குறைவாகவே தாங்கும். தேங்காய்ச் சட்னியும் கூடாது. வெங்காயமும் உப்பும் மிளகாயும் சேர்ந்தது அது.

இளநீரை நாய் விரும்பி நக்கும், ஏனென்றால் பூனைக்கு இல்லாத இனிப்புச் சுவை உணர்வு நாய்க்கு உண்டு. ஒன்றிரண்டு வாய் குடித்தால் ஆரோக்கியமான நாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு தம்ளர் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதான நாயால் அதை வெளியேற்ற முடியாமல், ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். வயிற்றுப்போக்கில் துவண்ட நாய்க்கு இளநீர் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

தேங்காய் எண்ணெய் வலிப்பைக் குணமாக்கும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதன் வேர் ஒரு நல்ல ஆய்வில் இருப்பதால் விளக்கிச் சொல்ல வேண்டும். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வலிப்புள்ள 21 நாய்களுக்கு நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது கார்பன் அணுக்களின் சங்கிலி மிக நீளமாக இல்லாத கொழுப்பு, சேர்த்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு வரும் தடவைகள் குறைந்ததாக 2015இல் வெளியிட்டார்கள். அந்த நாய்கள் வலிப்பு மருந்தையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டன. உதவியவை 8, 10 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் என்று கருதப்படுகிறது. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே 15 சதவீதம் அளவுதான். ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் நீளம் 12 கார்பன், உடல் அதைப் பெரும்பாலும் மற்ற நீளக் கொழுப்புகளைப் போலவே உறிஞ்சுகிறது. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய் ஊற்றுவது தவறு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

விளையாட்டுக்குத் தேங்காய் வேண்டவே வேண்டாமா என்று கேட்டால், மட்டை உரிக்காத முழுக்காயை உங்கள் கண் முன்னால் சிறிது நேரம் உருட்டி விளையாடட்டும். முதல் நார் பிரிந்ததும் எடுத்துவிடுங்கள். குரும்பையைப் பந்தாக எறிய வேண்டாம். பெரிய நாயின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் அளவு அது.

நாய் மட்டையையோ ஓட்டையோ விழுங்கியது தெரிந்தால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கூரான சில்லு திரும்பி வரும்போது இன்னொரு முறை கிழிக்கும், உப்பே நஞ்சாகவும் முடியும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, மலம் போகாமல் முக்குவது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். போனதும் தேங்காய் என்று சொல்லிவிட வேண்டும். எலும்பும் கல்லும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; நாரும் ஓடும் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை, ஸ்கேன் தேவைப்படலாம். கடித்துப் போட்ட மிச்சத்தைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போனால், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் கணிக்க முடியும்.