இருப்பு வைக்காத இன்சுலின் பம்பு

பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். முதல் வகை இனிப்புநீர் உள்ள அவருடைய 13 வயது மகனுக்கு அடுத்த மாதம் இன்சுலின் பம்பு பொருத்தப் போகிறார்கள். அன்றிலிருந்து இரவில் போட்டுவந்த நீண்ட நேர இன்சுலின் வேண்டாம், உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலின் ஒன்றே போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். “நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும் மருந்தை நம்பிப் பிள்ளையை எப்படித் தூங்க வைப்பது ஐயா?” என்பது அவர் கேள்வி. பம்பைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை ஒருவர் கேட்டுவிட முடியாது.

கணையத்தின் பீட்டா செல்கள் இரவும் பகலும் சிறிதளவு இன்சுலினைக் கசியவிட்டுக்கொண்டும், சாப்பிட்டதும் கூடுதலாகச் சுரந்தும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும், முதல் வகையில் நோயெதிர்ப்பு அமைப்பே அந்தச் செல்களை அழித்துவிடுவதையும் பள்ளியிலேயே படித்திருப்போம். வெளியிலிருந்து வரும் இன்சுலின் தோலுக்கடியில் என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

சாதாரண மனித இன்சுலின் குப்பிக்குள் தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. இரண்டிரண்டாக இணைந்து, அப்படிப்பட்ட மூன்று இணைகள் துத்தநாக அயனிகளைச் சுற்றி ஒன்றுகூடி, ஆறு மூலக்கூறுகள் கொண்ட ஒரு கட்டாக நிற்கின்றன. டோரதி ஹாட்ஜ்கினும் அவருடைய குழுவினரும் எக்ஸ்-கதிர்ப் படிகவியலின் மூலம் 1969-இல் கண்டுகாட்டிய வடிவம் இது. சேமித்து வைக்கக் கணையத்துக்கு இது மிக வசதியான ஏற்பாடு. தோலுக்கடியில் அதுவே தடையாகிவிடுகிறது, ஏனெனில் அந்தப் பெரிய கட்டு நுண்குழாய்களின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் எளிதில் புகாது. அது முதலில் அவிழ்ந்து சிறு துண்டுகளாக வேண்டும். பழைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டியிருந்ததற்குக் காரணம் இந்தத் தாமதம்தான்.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவை ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகளாக அமைந்தவை. விரைவு இன்சுலினை உருவாக்க, பி சங்கிலியின் 28, 29ஆம் இடங்களில் இருக்கும் புரோலினையும் லைசினையும் இடம் மாற்றி வைத்தார்கள், வேறெதையும் தொடவில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டும் முகம் அங்கேதான் இருப்பதால், கட்டு தளர்ந்துவிடுகிறது. குப்பிக்குள் துத்தநாகமும் பீனால் வகைக் காப்புப்பொருளும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். தோலுக்கடியில் காப்புப்பொருள் விலகியதும் சட்டென்று அவிழ்ந்து, 10 முதல் 15 நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். 1996-இல் விற்பனைக்கு வந்த லிஸ்ப்ரோ இப்படிப் பிறந்தது. இரண்டு எழுத்துகளை மாற்றிப்போட்டு ஒரு மருந்தின் நேரத்தையே மாற்றிய இந்த வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நீண்ட நேர இன்சுலினான கிளார்ஜின் இதற்கு நேர் எதிர். அமிலக் கரைசலில் கரைந்திருக்கும் அது, உடலின் நடுநிலைத் தன்மையைச் சந்தித்ததும் தோலுக்கடியில் நுண்ணிய படிவாக இறங்கி, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரைகிறது. ஆனால் போட்ட பிறகு அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் இயலாது. விடியற்காலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை ஏற்றும்போதும் சரி, மாலையில் பையன் பந்து விளையாடும்போதும் சரி, அது ஒரே சீராகத்தான் கரையும்.

பம்பு செய்வது வேறு. அதிலுள்ள சிறு மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுழற்ற, அது இன்சுலின் கலனின் அடைப்பானை இம்மியளவு தள்ளுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் என்பதால், மணிக்கு 0.6 யூனிட் என்றால் வெறும் 6 மைக்ரோலிட்டர். சில பம்புகள் 0.025 யூனிட் வரை அளந்து விடும்; கண்ணுக்குத் தெரியும் ஒரு நீர்த்துளியில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி விட்டுக்கொண்டே இருப்பதால் விரைவு இன்சுலினே அடிப்படை இன்சுலினாகவும் ஆகிவிடுகிறது. மணிக்கு மணி வேகத்தையும் மாற்றலாம். ஆகவே, அம்மா, உங்கள் மகன் தூங்கும்போதும் மருந்து தீர்ந்துபோவதில்லை, வந்துகொண்டே இருக்கிறது.

தொடக்க அளவு எளிய கணக்குதான். நாளொன்றுக்கு மொத்தம் 40 யூனிட் போட்டவருக்கு, ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 32 ஆக்கி, அதில் பாதியை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 0.67 யூனிட் அளவில் வரும். மீதிப் பாதி உணவுக்கு. நாசி கண்டார் கடையில் தட்டில் விழுந்த சோற்றையும் தே தாரிக்கில் கலந்த டின் பாலையும் பம்பு தானாகக் கண்டுகொள்ளாது. மாவுச்சத்தை எண்ணி நாம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அச்சத்தில் ஒரு பாதி உண்மை. தோலுக்கடியில் இருப்பு எதுவும் இல்லை. பம்பிலிருந்து தோலுக்கடியில் மருந்தைக் கொண்டுசெல்லும் மென்குழாய் உள்ளே மடிந்துவிட்டால், அடைப்பு எச்சரிக்கை அழுத்தம் ஏறிய பிறகே ஒலிக்கும். மணிக்கு 6 மைக்ரோலிட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் ஏறவே மணிக்கணக்கில் ஆகலாம். குழாய் வெளியே நழுவிச் சட்டைக்குள் கசிந்தாலோ அழுத்தமே ஏறாது, ஒலியும் வராது. சில மணி நேரத்தில், இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் இரத்தத்தில் சேரத் தொடங்கிவிடும். இதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாயைப் படுக்கப் போகும் நேரத்தில் மாற்றக் கூடாது என்கிறார்கள். காலையில் மாற்றினால் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துவிடலாம். சர்க்கரை காரணமின்றி லிட்டருக்கு 14 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோன் பார்க்க வேண்டும்; அது 0.6 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் பம்பை நம்பாமல் இன்சுலின் பேனாவால் ஊசி போட்டு, குழாயையும் மாற்றிவிட வேண்டும்.

பாகற்காய்ச் சாறு குடித்தால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள், முதல் வகைப் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்து என்பதை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பின் செலவும், மாதந்தோறும் வாங்க வேண்டிய குழாய்களின் செலவும் இன்னும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிள்ளைகளுக்காவது அரசு இதை ஏற்க வேண்டும்.

தைப்பூசத்தில் உங்கள் மகன் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடக்கப் போகிறான் என்றால், அடிப்படை வேகத்தைப் புறப்படும்போது குறைப்பதில் பயன் குறைவு. ஏற்கெனவே தோலுக்கடியில் இறங்கியது வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே குறைக்க வேண்டும். பம்பு பழுதானால் எத்தனை யூனிட் கிளார்ஜின் போடுவது என்பதைப் பொருத்தும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது வேலை செய்யத் தொடங்கவே ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால், இடைப்பட்ட நேரத்துக்கு விரைவு இன்சுலின் எவ்வளவு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.